சாய்த்துப் பிடித்தால் மட்டும் மக்கர் செய்யும் மரம் அறுக்கும் மிஷின்

செயின்சா பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் பாதி ஒரே தொந்தரவைச் சுற்றித்தான்: நேராக ஓடுகிற மிஷின் சாய்த்தால் ஓடவில்லை. அதனால் முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குப் பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு. கஜா புயலில் விழுந்த மரங்களை அறுக்க 2018 கடைசியில் 58 சிசி மிஷின் ஒன்று வாங்கினேன். அந்த வேலை முடிந்த பிறகு எப்போதாவதுதான் எடுப்பேன். இப்போது சில மாதங்களாக ஒரு தொந்தரவு. கீழே கிடக்கிற மரத்தை நேராக வைத்து அறுத்தால் அருமையாக ஓடுகிறது. நிற்கிற பட்ட மரத்தை அடியில் வெட்ட மிஷினைப் படுக்கை வசமாகப் பிடித்தால், ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே ரேஸ் ஏறுகிறது, அடுத்த நொடி ஆஃப் ஆகிறது. நிமிர்த்தி வைத்து இழுத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக் இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி ட்யூனிங் செய்து கொடுத்தார். சில நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார். போடலாமா?

– பட்டுக்கோட்டை பகுதி வாசகர்

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கிற அடையாளம் ரொம்பத் தெளிவானது. ரேஸ் ஏறி அப்புறம் ஆஃப் ஆகிறது என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைகிறது, அல்லது வரக்கூடாத வழியில் காற்று உள்ளே போகிறது. இதற்குக் கார்புரேட்டர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

பைக் கார்புரேட்டரில் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் மிதவை இருக்கும். பைக்கைப் படுக்கப் போட்டால் பெட்ரோல் வழிந்து வண்டி நின்றுவிடும், எல்லோரும் பார்த்திருப்போம். 1940களில் வந்த செயின்சாக்களிலும் அந்த மாதிரி மிதவைக் கார்புரேட்டர்தான் இருந்தது. அதனால் மரத்தை அடியில் வெட்ட வேண்டுமானால் இன்ஜினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, பிளேடு இருக்கும் பகுதியை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிற மாதிரி மிஷினைச் செய்திருந்தார்கள். டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்த பிறகுதான் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடுகிற செயின்சா கிடைத்தது. அதில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உண்டாகிற அழுத்த மாற்றம் ஒரு மெல்லிய சவ்வை ஆட்டும், அந்தச் சவ்வுதான் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். இன்னொரு சவ்வு தேவையான அளவுக்கு மட்டும் ஊசி வால்வைத் திறந்துவிடும். மிஷின் தலைகீழாக இருந்தாலும் இந்த இரண்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆக, நேராக வைத்து நன்றாக ஓடுகிற கார்புரேட்டர் சாய்த்ததும் பெட்ரோல் கொடுக்காமல் போனால், முதலில் அதற்குப் பெட்ரோல் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும்.

டேங்குக்குள் ஒரு ரப்பர் டியூப் தொங்கும், அதன் முனையில் கனமான ஒரு ஃபில்டர் இருக்கும். கனம் எதற்கென்றால், மிஷின் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெட்ரோல் தேங்குகிற பள்ளத்துக்கு அந்த ஃபில்டரும் போய் விழ வேண்டும் என்பதற்காக. இளநீர் குடிக்கும்போது காயைச் சாய்த்தால் ஸ்ட்ராவையும் தண்ணீர் இருக்கிற பக்கம் தள்ளுகிறோம் இல்லையா, அதே வேலைதான். டியூப் பழசாகி விறைத்துப் போனால் ஃபில்டர் இருந்த இடத்திலேயே நிற்கும். நேராக வைக்கும்போது அது பெட்ரோலுக்குள் இருக்கும், படுக்க வைத்ததும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், ஃபில்டர் காற்றில் நிற்கும், அப்புறம் உறிஞ்சுவது வெறும் காற்றைத்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் ஆறின பிறகு, டேங்கில் கால்வாசி பெட்ரோல் வைத்து மூடியை இறுக்கிவிட்டு, மிஷினைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக இடது பக்கம் சாயுங்கள், வலது பக்கம் சாயுங்கள், மூக்கை, அதாவது பிளேடு நுனியை, மேலே தூக்குங்கள், கீழே இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபில்டர் டேங்க் சுவரில் 'டொக்' என்று விழுகிற சத்தம் கேட்க வேண்டும். பெட்ரோல் சளசளக்கிற சத்தம் மட்டும் கேட்டு 'டொக்' வரவில்லை என்றால் டியூப் விறைத்துவிட்டது. உறுதிப்படுத்த, நுனியை வளைத்த ஒரு கம்பியால் டியூபைக் கொக்கி போட்டு டேங்க் வாய் வழியாக வெளியே இழுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். நல்ல டியூப் மெத்தென்று அமுங்கித் திரும்பும். பழசு பிளாஸ்டிக் குச்சி மாதிரி நிற்கும், அல்லது பிசுபிசுவென்று கையில் கறுப்பாக ஒட்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சில கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை வெட்டி மாட்டிவிடுகிறார்கள். அது பைக்குக்கு டேங்கிலிருந்து கீழே இறங்க ஆகும், செயின்சா டேங்குக்குள் போட ஆகவே ஆகாது. பெட்ரோலில் ஊறிச் சீக்கிரமே இறுகிவிடும், கனமான ஃபில்டரைத் தொங்கவிட்டாலும் வளையாது. உங்கள் மிஷினுக்கு என்றே அச்சில் வார்த்து வருகிற டியூப் கிடைக்கும், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் மூலைக்கு எட்டாது, நீளமாக இருந்தால் டேங்குக்குள் சுருண்டு மேலே தூக்கிக்கொள்ளும். பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

டியூப் மெத்தென்று இருக்கிறது, ஃபில்டரும் நன்றாக விழுகிறது என்றால் அடுத்து வெடிப்பு. பெரும்பாலும் டேங்க் சுவரைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில்தான் டியூப் வெடிக்கும், ஏனென்றால் அங்கேதான் இறுக்கிப் பிடித்து அதிர்வு முழுவதையும் வாங்கிக்கொண்டிருக்கும். இந்த வெடிப்பு வெளிப்பார்வைக்குத் தெரியாது. டியூபை முழுசாக உருவி, ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையில் சைக்கிள் பம்பாலோ வேறு எதாலோ லேசாகக் காற்று கொடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, விரல்விரலாக வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது வராத குமிழ் வளைத்ததும் வரும்.

இதையெல்லாம் கழற்றுவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய சுலபமான சோதனை ஒன்று உண்டு. டேங்கை முழுக்க நிரப்பி, மிஷினை ஸ்டார்ட் செய்து, செயின் பிரேக் போட்டு, ஸ்லோவில் விட்டுப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். அப்புறம் கால் டேங்கில் அதையே செய்யுங்கள். முழு டேங்கில் ஒழுங்காக ஓடிக் கால் டேங்கில் மட்டும் மக்கர் செய்தால் தொந்தரவு டேங்குக்குள்ளேதான், டியூப் அல்லது ஃபில்டர். அதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். சோதிக்கும்போது ரேஸ் ஏறினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள், பிரேக் போட்டபடி ரேஸில் விட்டால் கிளட்ச் கருகிவிடும்.

முழு டேங்கிலும் அதே கதைதான் என்றால், காற்று வேறு எங்கேயோ நுழைகிறது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் அல்லது அங்கே வைத்திருக்கிற கேஸ்கெட் முதலாவது. பல மாடல்களில் கைப்பிடியும் டேங்கும் ஒரு பகுதி, இன்ஜின் தனிப் பகுதி, இரண்டுக்கும் நடுவில் அதிர்வு தாங்குகிற ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால் மிஷினைப் படுக்க வைத்ததும் இன்ஜின் தன் கனத்தில் ஒரு பக்கம் தொங்கும், நடுவில் இருக்கிற இணைப்பு ரப்பர் இழுபடும், அதில் இருக்கிற முடி மாதிரி வெடிப்பு வாயைத் திறக்கும். நேராக வைத்ததும் மூடிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிளேடை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், வழக்கத்துக்கு அதிகமாக ஆடினால் அந்த ரப்பர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கேஸ்கெட்டில் பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொடித் துளை இருந்தால் அதை எதிரே இருக்கிற துளைக்கு நேராகத்தான் மாட்ட வேண்டும். இன்ஜின் அழுத்தம் கார்புரேட்டர் சவ்வுக்கு வருகிற வழி அது. திருப்பி மாட்டினால் வழி அடைந்துவிடும்.

இரண்டாவது, கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடுகிற தண்டு) ஆயில் சீல். கிளட்ச் பக்கம் ஒன்று, மேக்னட் பக்கம் ஒன்று. பேரிங் தேய்ந்து கிராங்க் லேசாக ஆடினால், மிஷினை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் கிராங்க் நகரும், சீல் உதடு ஒரு இடத்தில் இடைவெளி விடும். இடது பக்கம் சாய்த்தால் ரேஸ் ஏறுகிறது, வலது பக்கம் சாய்த்தால் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஒரு பக்கத்துக்கு மட்டும் தொந்தரவு இருந்தால் சீல் மேல்தான் என் சந்தேகம் போகும். கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் சீலைச் சுற்றி ஈரமாக எண்ணெய் கசிந்து மரத்தூள் அப்பிக் கிடக்கும். செயின் ஆயிலும் அந்தப் பக்கமே வருவதால் ஈரத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

மூன்றாவது, சிலிண்டர் அடிக் கேஸ்கெட். இது அபூர்வம்.

இந்த மூன்றில் எது என்று கண்ணால் தேடுவதைவிட, கை பம்பும் மீட்டரும் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் போவது நல்லது. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் ஷீட்டால் அடைத்து, உள்ளே 0.5 பார் அழுத்தம் ஏற்றி, அரை நிமிஷம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அதே அளவுக்குக் காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும், சில சீல்கள் அழுத்தத்துக்குத் தாங்கும், உறிஞ்சினால் விட்டுவிடும். இரண்டு சோதனையிலும் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு இருக்கிற இடத்தில் நுரை பொங்கும். ஓடுகிற மிஷின் மேல் பெட்ரோல் தெளித்துக் கண்டுபிடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான சைலன்சர் நாலு விரல் தூரத்தில் இருக்கிறது, அதைச் செய்யவே கூடாது.

ட்யூனிங் செய்தால் சில நாள் சரியாக இருக்கிறது என்றீர்கள். மெக்கானிக், ஸ்லோவில் போகிற பெட்ரோல் அளவை மாற்றுகிற 'எல்' ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கொஞ்சம் அதிகப்படுத்தியிருப்பார், உள்ளே வருகிற காற்றுக்கு அது ஈடு கொடுத்திருக்கும். வெடிப்பு வளர வளர அந்த ஈடு போதாமல் போகிறது. எனக்கு இதில் கவலை என்னவென்றால், டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், ஆயிலும் குறையும். பிஸ்டன் சைலன்சர் பக்கத்தில் கோடு கோடாகக் கீறிச் சீஸ் ஆகிவிடும். ஒரு ரப்பர் டியூபுக்காக இன்ஜினையே இழக்கக் கூடாது. அதனால் இந்தத் தொந்தரவு தீரும்வரை மிஷினை ஓட்டாதீர்கள், நேராக வைத்துத்தானே அறுக்கிறோம் என்றும் நினைக்காதீர்கள்.

நிற்கிற மரத்தை இதை வைத்துத் தொடவே வேண்டாம். தென்னையில் வெளிவட்டம்தான் உறுதி, நடுப்பகுதி சோறு மாதிரி மென்மை. பாதி அறுத்த நிலையில் மிஷின் நின்றுவிட்டால் மீதி நார் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் குனிந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே மரம் இருக்கிறது.

கேள்வி: கோத்தகிரியில் சில்வர் ஓக் கிளை கழிக்கிற வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது பழைய வெளிநாட்டு மிஷின், மேட்டுப்பாளையத்தில் ஒருவர் ட்யூனிங் செய்து தருவார். மூக்கு மேலே பார்த்தபடி இருந்தால் பிரச்சினை இல்லை. கீழே இறக்கிப் பிடித்து, அப்புறம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் புகை கக்கி, திணறி, சில சமயம் நின்றே போகிறது. பிளக் நனைந்து கறுப்பாக இருக்கிறது. இதுவும் டியூப்தானா அண்ணே?

பதில்: இல்லை தம்பி, உங்களுடையது அதற்கு நேர் எதிர். புகை, திணறல், நனைந்த பிளக் மூன்றும் பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டுகின்றன. ஸ்லோவில் ஓடும்போது எரியாத பெட்ரோலும் ஆயிலும் கிராங்க் அடியில் சின்னக் குட்டையாகத் தேங்கும். நேராக இருக்கும்வரை அது அங்கேயே கிடக்கும், மூக்கை இறக்கியதும் ஓடிவந்து மொத்தமாக மேலே ஏறும். அதைத்தான் இன்ஜின் முழுங்க முடியாமல் திணறுகிறது.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் மலையடிவாரம். கீழே இருக்கிற கனமான காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் வைத்து ட்யூனிங் செய்தால், மேலே வந்ததும் காற்று சுமார் 15 சதவீதம் மெலிந்துவிடும், பெட்ரோல் அளவு அப்படியேதான் இருக்கும். அப்போது கலவை கெட்டியாகிப் புகைக்கத்தான் செய்யும். அதனால் ட்யூனிங்கை வேலை செய்கிற ஊரிலேயே செய்யுங்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டி, மிஷினை நாலைந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, ஸ்லோவில் விட்டு 'எல்' ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்புங்கள், சுற்று ஏறும். ஒரு இடத்தில் உச்சிக்குப் போய் அப்புறம் குறைய ஆரம்பிக்கும். அந்த உச்சியிலிருந்து கொஞ்சம் வெளியே திருப்பி நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அமுக்கினால் தயங்காமல் எழ வேண்டும். கடைசியாக ஸ்லோ ஸ்க்ரூவில் செயின் நகராத அளவுக்கு வையுங்கள். முழு ரேஸில் போகிற பெட்ரோல் அளவை மாற்றுகிற 'எச்' ஸ்க்ரூவை, சுற்று அளக்கிற மீட்டர் இல்லாமல் தொடாதீர்கள், அதை ஒரேயடியாக மூடினால் மரத்துக்குள் முழு ரேஸில் போகும்போது பிஸ்டன் போய்விடும். மலையில் சரியாக வைத்த மிஷினைச் சமவெளி வேலைக்குக் கீழே கொண்டுபோனால் அங்கே பெட்ரோல் குறைவாகிவிடும், அதனால் இறங்கியதும் மறுபடி திருத்தியே ஆக வேண்டும். உங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் போய்வருகிறவர்கள் இதைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

ட்யூனிங் செய்தும் புகை நிற்கவில்லை என்றால் ஊசி வால்வு ஒழுகுகிறது. முனையில் ஒரு தூசி ஒட்டினாலே போதும், முழுசாக மூடாது. அல்லது அதைத் தூக்குகிற சின்ன நெம்புகோல் உயரமாக இருக்கிறது, அல்லது சவ்வு இறுகி அதை எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. சவ்வு செட் வாங்கி மாட்டலாம். கழற்றும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட்டும் சவ்வும் எந்த வரிசையில் வருகின்றன என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, மாற்றி மாட்டினால் ஓடவே ஓடாது. நெம்புகோல் உயரம் மாடலுக்கு மாடல் வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் வெட்டுகிறோம். சாய்க்கும்போது மிஷின் பட்டென்று நின்றுவிடுகிறது. ரேஸ் ஏறவும் இல்லை, திணறவும் இல்லை. டியூப், ஃபில்டர் எல்லாம் புதுசு.

பதில்: சுவிட்சை அணைத்த மாதிரி நிற்கிறது என்றால் அது கரெண்ட் சமாச்சாரம்தான். பெட்ரோல் தொந்தரவு ஒரு நொடியாவது சத்தத்தை மாற்றிக்காட்டிவிட்டுத்தான் நிறுத்தும். ஆஃப் சுவிட்சுக்குப் போகிற மெல்லிய ஒயரைத் தேடுங்கள், பழைய மிஷின்களில் அது இன்ஜின் உலோகத்தோடு உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். சாய்க்கும்போது அந்த இடம் உலோகத்தைத் தொட்டால் இன்ஜின் ஆஃப். சந்தேகம் தீர, அந்த ஒயரைச் சுவிட்ச் முனையில் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிட்டு ஸ்லோவில் சாய்த்துப் பாருங்கள். ஆனால் அப்போது சுவிட்ச் வேலை செய்யாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த முடியும், அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சோதனை முடிந்ததும் ஒயரை மாட்டாமல் வேலைக்குப் போகாதீர்கள். அதில் தொந்தரவு இல்லையென்றால் பிளக் மூடிக்குள் இருக்கிற ஸ்பிரிங், பிளக்குக்குக் கரெண்ட் கொடுக்கிற காயிலின் ஸ்க்ரூ இரண்டையும் பாருங்கள். காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கும், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. ஸ்க்ரூ தளர்ந்தால் சாய்க்கும்போது காயில் நகர்ந்து மேக்னட்டில் உரசும்.

கேள்வி: பத்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் எந்தப் பக்கம் பிடித்தாலும் அடங்கிப் போகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம். மூடி போட்டு இழுத்தால் மறுபடி பத்து நிமிஷம் ஓடும்.

– தேனி வாசகர்

பதில்: டேங்க் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளை மூடியிலேயே இருக்கலாம், டேங்குக்கு மேலே தனி வால்வாகவும் இருக்கலாம். குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள், அது ஒருவழி வால்வு. கிழிந்தால் சாய்க்கும்போதெல்லாம் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் ஒழுகும். விலை குறைவான சாமான்தான், புதுசு போடுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் டியூப் எல்லாம் கெட்டுப்போகிறது என்கிறார்களே, உண்மையா? ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பதில்: பாதி உண்மை. இப்போது நம் நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனாலைத் தாங்குகிற மாதிரி செய்யாத பழைய ரப்பரும் சவ்வும் அதில் ஊறி உப்பும், பிறகு காய்ந்ததும் இறுகும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுக்கும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து டேங்க் அடியில் போய் உட்காரும், ஃபில்டரும் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் தினமும் ஓடுகிற மிஷினுக்கு இதனால் பெரிய தொல்லை வருவதில்லை. கஜா சமயத்தில் வாங்கிவிட்டு எப்போதாவது எடுக்கிற மிஷின்களுக்குத்தான் கெடுதல், ஏனென்றால் பெட்ரோல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. வேலை முடிந்து கொஞ்ச நாள் எடுக்க மாட்டோம் என்று தெரிந்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஸ்லோவில் ஓடவிட்டு வையுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆயில் விஷயத்தில் உங்கள் மிஷின் புத்தகம் சொல்வதே கணக்கு. நல்ல டூட்டி (2T, அதாவது டூ ஸ்ட்ரோக்) ஆயிலுக்கு 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. விலை மலிவான 58 சிசி மிஷின்கள் பலவற்றில் 25:1தான் எழுதியிருக்கும். கண் மட்டத்துக்கு ஊற்றாதீர்கள், அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள், ஊற்றுவதற்கு முன் கேனை நன்றாகக் குலுக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய மிஷின் பழசு. சாய்த்தால் ரேஸ் ஏறுகிறது என்று கொண்டுபோனதற்கு, கடையில் 'இது தேறாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். சரிசெய்ய முடியாதா?

– தென்காசி மாவட்ட வாசகி

பதில்: கடன் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யச் சொல்லுங்கள் அம்மா. மிஷின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்ற வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று நட்டுதான். உள்ளே பிஸ்டன் தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கி, செல்ஃபோன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச் சுவர் வழவழவென்று, தயாரிக்கும்போது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிகிற மாதிரி இருந்தால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. அப்படியென்றால் மேலே முதல் பதிலில் சொன்ன டியூப், ஃபில்டர், இணைப்பு ரப்பர், சீல் இவற்றைப் பார்த்து மாற்றினாலே போதும், ஒரு நாள் இரண்டு நாள் கூலிக்குள் முடிகிற செலவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கம்ப்ரஷன் மீட்டர் இருக்கிற கடையில் அளந்து 120 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் தைரியமாகச் செலவு செய்யலாம்.

மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்து, அலுமினியம் இழுபட்டு மங்கலாகத் தெரிந்தால், காற்று இழுத்துக்கொண்டே ஓடியதில் பிஸ்டன் அடிபட்டுவிட்டது. அப்போதும் உடனே புதுசுதான் என்று இல்லை. சிலிண்டர் சுவரில் அந்தக் கீறல் இறங்காமல் இருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் மாற்றலாம். ஆனால் காற்று எங்கே வருகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே மாதிரி போகும். கடைக்காரர் 0.5 பார் சோதனை செய்து காட்டாமல் பிஸ்டன் போடச் சொன்னால் வேறு கடை பாருங்கள். கிராங்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிகிறது, சிலிண்டரும் கீறியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் நானும் புதுசு வாங்கச் சொல்வேன்.

அதுவரை அந்த மிஷினோடு அவரை மரத்தில் ஏறவிடாதீர்கள். தானாக ரேஸ் ஏறுகிற மிஷினில் விரல் எடுத்த பிறகும் செயின் ஓடிக்கொண்டே இருக்கும், கிளை மேல் நின்றுகொண்டு அதைச் சமாளிக்கவே முடியாது. சைலன்சரைக் கழற்றியதும் பிஸ்டனைத் தெளிவாக ஒரு ஃபோட்டோ எடுத்து, மிஷின் மாடலும் எழுதி, கேள்வி அனுப்பிய முகவரிக்கே அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.